புள்ளி வள்ளல்

சொந்தக்காரர்கள் என்னைக் கஞ்சன் என்று சொல்வதில் எனக்கு வருத்தமே கிடையாது. கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதிப் பிழைக்கிறவனிடம் தாராளத்தை எதிர்பார்ப்பது அவர்கள் தப்பு. பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழித்தெடுப்பவன் நான். மொய்க் கவரில் ஒட்டும் ஒரு ரூபாயைக்கூட யோசித்துத்தான் ஒட்டுவேன். அப்பேர்ப்பட்ட எனக்குள்ளும் ஒரு வள்ளல் ஒளிந்திருந்தது, வெக்டர் படம் வரையக் கற்றுக்கொள்ளப் போனபோதுதான் தெரியவந்தது.

படம் வரைந்து ஸ்டாக் ஏஜென்சியில் ஏற்றிவிட வேண்டும். உலகத்தில் யாராவது விளம்பரத்துக்கோ அழைப்பிதழுக்கோ அதை இறக்கிக்கொள்ளும் போதெல்லாம் நமக்குக் காசு. "நீங்க தூங்கும்போதும் விக்கும்" என்று யூடியூபில் ஒருவர் சத்தியம் செய்தார். தூக்கத்தில் சம்பாதிப்பது எந்தக் கஞ்சனுக்குக் கசக்கும்? மாதச் சந்தா கேட்கும் இல்லஸ்ட்ரேட்டர் பக்கமே போகவில்லை. காசு வாங்காத இங்க்ஸ்கேப்பை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

போட்டோ என்பது சின்னச் சின்னக் கட்டங்களின் கூட்டம், பெரிதாக்கினால் பல்லிளிக்கும். வெக்டர் அப்படியில்லை. இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு இப்படி வளைந்து போ என்கிற கணக்குதான் அதில் படமே. விசிட்டிங் கார்டில் போட்டதை அப்படியே பஸ் ஸ்டாண்டு பேனருக்கும் இழுக்கலாம். கணக்கு என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. கணக்கில்தானே சாப்பிடுகிறோம்.

முதல் படமாக டபரா டம்ளரை எடுத்துக்கொண்டேன். டம்ளரின் வாய் ஒரு நீள்வட்டம். அதை வரைய நான்கு புள்ளி போதும்; ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இரண்டு பக்கமும் ஒரு ஹேண்டில் நீளும், அதை இழுத்தால் கோடு வளையும். முழு வட்டத்துக்கும் இதே நான்குதான். ஹேண்டிலின் நீளம் ஆரத்தில் 0.55 பங்குக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் வட்டத்துக்கு வட்டம். கணிதப்படி அது அசல் வட்டமில்லை என்றாலும், பிசகு ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. ஹேண்டில் என்று ஒன்று இருப்பதே தெரியாத நான், டம்ளர் வாயைச் சுற்றி நெருக்க நெருக்கப் புள்ளி குத்திக்கொண்டே போனேன். எங்கே கோடு கோணினாலும் அங்கே இன்னொரு புள்ளி. கடைசியில் டம்ளரின் விளிம்பு எலி கடித்த அப்பளமாக வந்து நின்றது.

வங்கிக்கு எதிரே ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பியிடம் பென் டிரைவைக் கொடுத்தேன். காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை எல்லாவற்றையும் கோரல் டிராவில் போட்டுத் தள்ளுகிற கை அது. படத்தைத் திறந்து எஃப் 10 தட்டினார். விளிம்பு முழுக்கப் புள்ளிகள் முளைத்தன.

"சார், என்ன சார் இவ்ளோ நோடு? டம்ளருக்குத் தையல் போட்டிருக்கீங்களா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் புள்ளிகளைக் கும்பலாக வளைத்து டெலிட் அடித்தார். நான்கை மட்டும் விட்டுவைத்து ஹேண்டிலை இரண்டு இழுப்பு இழுத்தார். டம்ளருக்கு வாய் வந்தது. "காசு மாதிரிதான் சார் நோடும். எண்ணிச் செலவு பண்ணணும்" என்றார். இந்த உலகத்தில் யாரும் என்னிடம் சொல்லத் துணியாத அறிவுரை.

ஹேண்டிலை இழுத்து உண்டாக்கும் இந்த வளைவுக்குப் பெஸியே வளைவு என்று பெயர். பியர் பெஸியே பிரான்சின் ரெனோ கார் கம்பெனியில் என்ஜினியர். கார் உடம்பின் வளைவைக் கணக்கில் அடக்க 1960-களில் இதைக் கொண்டுவந்தார். போட்டிக் கம்பெனியான சித்ரோயனில் பால் த காஸ்தெல்ஜோ என்பவர் 1959-லேயே இதைக் கண்டுபிடித்திருந்தாலும், கம்பெனி ரகசியம் என்று வெளியே விடவில்லை. பெயர் பெஸியேவுக்குப் போய்விட்டது. காஸ்தெல்ஜோவை நினைத்து நான் உருகினேன். கண்டுபிடிப்பை வெளியில் சொல்ல முடியாத துக்கம் அவருக்கு, டம்ளரை வெளியில் காட்ட முடியாத துக்கம் எனக்கு.

குறுக்கு வழி ஒன்று கண்ணில் பட்டது. போட்டோவைக் கொடுத்தால் மென்பொருளே அதை வெக்டராக மாற்றித் தரும். டிரேஸ் என்று பெயர். கைவலி மிச்சம் என்று தேர் போட்டோ ஒன்றைக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் வெகுநேரம் முனகிவிட்டு ஒரு தேரைத் துப்பியது. ஆயிரக்கணக்கான துண்டுகள். தேர்ச்சீலையில் ஒரு நிறத்தை மாற்றலாம் என்று சொடுக்கினால், நகத்தளவு துண்டு ஒன்று மட்டும் நிறம் மாறி என்னைப் பார்க்கிறது. வாங்குகிறவனுக்கு வேண்டியதே சுலபமாக நிறம் மாற்றி, வேண்டாததைத் தூக்கிப் போடும் வசதிதான். என் தேரை இழுக்க ஓர் ஊரே வர வேண்டும். ஏஜென்சி மறுத்துவிட்டது.

அடுத்து பொங்கல் பானை. மேலே 'பொங்கல் வாழ்த்துகள்' என்று பழைய பாமினி எழுத்துருவில் போட்டேன். எழுத்தை வடிவமாக, அதாவது அவுட்லைனாக மாற்றிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். நான் மாற்றவில்லை. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் வாழ்த்து எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். பானைக்கு மேலே யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டியது போலத்தான் இருந்திருக்கும். படத்தை மறுத்த ஏஜென்சிப் புண்ணியவானைக் குறை சொல்ல முடியாது.

அவுட்லைனாக மாற்றி மறுபடி ஏற்றியது போகி அன்று. சிவகாசிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு இதைச் செய்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. அங்கே அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப் பதினெட்டுக்கே வெளியிட்டுவிடுவார்கள். பண்டிகைப் படம் வேண்டுகிறவன் மாதக்கணக்கில் முன்னாலேயே தேடி வாங்கிவிடுவான். என் பானை கடைக்கு வந்தபோது ஊரில் எல்லோர் வீட்டுப் பானையும் பொங்கத் தயாராக இருந்தது.

குறிச்சொல் விஷயத்தில் என் வள்ளல்தனம் உச்சம் தொட்டது. படத்துக்கு ஐம்பது சொல் வரை கொடுக்கலாம். டபரா டம்ளருக்கு நியாயமாக என்ன உண்டு? காபி, டம்ளர், பித்தளை, தென்னிந்தியா, காலை. ஐம்பது இடம் இலவசமாகக் கிடைக்கும்போது மிச்சத்தைக் காலியாக விடுவது நஷ்டம் என்றது வங்கிப் புத்தி. திருமணம், யோகா, வெற்றி, சேமிப்பு, கிறிஸ்துமஸ் என்று நிரப்பினேன். கிறிஸ்துமஸ் படம் தேடி வந்த வெள்ளைக்காரன் என் டம்ளரைப் பார்த்து என்ன நினைப்பான் என்ற கவலையை ஏஜென்சி எனக்கு வைக்கவில்லை. பொருந்தாத குறிச்சொல் என்று திருப்பி அனுப்பிவிட்டது.

இவ்வளவுக்கும் நடுவில் வருமானத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். டபிள்யூ-8 பென் என்று ஓர் அமெரிக்க வரிப் படிவம். விருதுநகர் மாவட்டத்தில் சொந்த வீட்டில் கைலியோடு உட்கார்ந்திருக்கும் நான் ஒரு வெளிநாட்டவன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அமெரிக்காவில் விற்றதில் 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். போட்டு, இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் காட்டினால் 15. அந்த ஒப்பந்தத்தின் ராயல்டிப் பிரிவை ராத்திரி கண்விழித்துப் படித்து முடித்தேன். அதுவரை நான் சம்பாதித்த ராயல்டி பூஜ்யம். பூஜ்யத்தில் பாதி வரியை மிச்சம் பிடித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஏஜென்சிகளோ என்னைவிடக் கெட்டி. ஒரு பெரிய இடத்தில், விற்பனை ஏற ஏற நம் பங்கு 15 சதவீதத்திலிருந்து 40 வரை ஏறும். ஜனவரி 1 அன்று எல்லோரும் மறுபடி அடிமட்டத்துக்கு இறங்கியாக வேண்டும். ஒரு படத்துக்குப் பத்து சென்ட் மட்டும் வருவதும் உண்டு. மொத்தம் 25 டாலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும். இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் வரவில்லை, மரியாதைதான் வந்தது.

பிறகு தலைவாழை விருந்து ஒன்று வரைய ஆரம்பித்தேன். முதலில் இலை. பாதி இலையை வரைந்து, அதையே பிரதி எடுத்துத் திருப்பி மறுபாதியாக ஒட்டினேன். தம்பியின் அறிவுரைப்படி எண்ணி எண்ணிப் புள்ளி. நரம்புக்கு நாலு கோடு. சாதம், சாம்பார், அப்பளம், கூட்டு, பாயசம் எல்லாம் பாக்கி. அதற்குள் தூக்கம் வந்துவிட்டது. வேலை வீணாக வேண்டாமே என்று வெறும் இலையை ஏற்றிவிட்டுப் படுத்தேன்.

விற்றது அதுதான்.

ஃபிளக்ஸ் கடைத் தம்பிக்கு ஆச்சரியமே இல்லை. "வாங்கறவன் அவன் கடைப் பேரப் போட எடம் வேணும்ல சார்? நீங்க சாம்பாரை ஊத்திட்டா அவன் எங்க எழுதுவான்?" என்றார். அப்புறம் படத்தை உற்றுப் பார்த்தார். "எல்லாம் சரி சார், நுனி வலது பக்கம் இருக்கே?"

இருந்தது. இலை போட்டால் சாப்பிடுகிறவருக்கு இடது பக்கம்தான் நுனி வர வேண்டும் என்பது பந்தியில் தண்ணீர் வைக்கும் பொடியனுக்குக்கூடத் தெரியும். எத்தனையோ கல்யாணத்தில் மொய்க்கு ஈடாகச் சாப்பிட்டவன் நான். அது என் கண்ணில் படவில்லை.

திருத்தி ஒன்று போட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் ஒரு விற்பனை தலைக்கேறியிருந்ததே! இளம் பச்சை, கரும்பச்சை, பழுத்த மஞ்சள், கிழிந்த இலை, தண்ணீர் தெளித்த இலை, டிபன் சைஸ் இலை என்று ஒரே ராத்திரியில் வாழைத்தோப்பையே ஏற்றினேன். நுனியை இடது பக்கம் திருப்பிய இலையும் அந்தக் கட்டுக்குள்தான் இருந்தது. ஏற்கெனவே உள்ள படத்தை ஒத்திருக்கிறது என்று சொல்லி மொத்தக் கட்டையும் நிராகரித்துவிட்டார்கள். நுனி தப்பாக இருக்கும் இலை மட்டும் இன்னும் விற்பனையில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுச் சரியானதை அனுப்பலாம்தான். ஆனால் காசு தருகிற ஒரே இலையை எடுக்க எனக்கு மனசு வருமா?