மருமகன் கையில் வாரியல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் சுகம். பிள்ளை சுகம். உன் மருமகன் சுகம், அவர் வேலையும் சுகம். உனக்கு முக்கியமாகக் கவலை கடைசியில் சொன்னதைப் பற்றித்தான் என்று தம்பி சொன்னான். அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

தீபாவளிச் சட்டை அளவு சரியாக இருக்கிறதா, போட்டு ஒரு போட்டோ அனுப்பு என்றாய். அனுப்பினேன். சட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறுநாள் வாய்ஸ் மெசேஜ்தான் வந்தது: "ஏட்டி, மருமவன் கையில எதுக்கு வாரியல்? வேல போயிட்டா?" பின்னாலிருந்து பெரியம்மை "எஞ்சினியருன்னுதான சொன்னாவ" என்று இழுப்பதும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. போனில் விளக்கினால் பாதியில் அழுதுவிடுவாய். அதனால் கடிதம். அப்பா சத்தமாக வாசிக்கட்டும், பெரியம்மையையும் கூப்பிட்டு உட்கார வை.

விஷயம் இதுதான். நாங்கள் இருக்கும் ஜெர்மனியின் இந்தச் சுவேபியப் பக்கத்தில் ‘கேர்வோகெ’ என்று ஒரு முறை உண்டு. எங்கள் கட்டடத்தில் மூன்று குடும்பம். வாரத்துக்கு ஒரு வீடு பெருக்க வேண்டும். எந்த வீட்டு முறையோ அந்த வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கும். சனிக்கிழமைக்குள் வேலையை முடித்து, அட்டையைக் கழற்றி அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட்டால் அந்த வாரத்துக்கு விடுதலை. சின்ன முறை, பெரிய முறை என்று இரண்டு இருக்கிறது. சின்னதில் மாடிப்படியும் நடையும். பெரியதில் வாசல், நடைபாதை, குப்பைத்தொட்டி நிற்கிற இடம், கீழே நிலவறைக்குப் போகிற படி எல்லாம் சேர்த்தி. வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்டது உன் மருமகன். வாசித்துப் பார்த்தது நான், கையெழுத்துக்குப் பிறகு.

இது நேற்று முளைத்த வழக்கமில்லை. கொலம்பஸ் நம்மைத் தேடிப் புறப்பட்டு வேறெங்கோ போய் இறங்கினானே, அதே 1492-இல், இந்தப் பகுதியை ஆண்ட தாடிக்கார எபர்ஹார்ட் என்ற பிரபு ஸ்டுட்கார்ட் ஜனங்களுக்கு ஒரு விதி போட்டார்: அவரவர் வீட்டுச் சாணத்தை வாராவாரம் ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். கடைசியில் 1988-இல் ஸ்டுட்கார்ட் நகராட்சி, பெருக்கும் முறையைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது. ஜனங்கள் விடுவார்களா? ஒப்பந்தத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள். சட்டம் போய்விட்டது, பாட்டி போகவில்லை.

பாட்டி என்றால் எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி. எண்பதைத் தாண்டியவர். ஜன்னல் திட்டில் ஒரு தலையணையைப் போட்டு, அதில் முழங்கையை ஊன்றி, தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சனிக்கிழமை காலையில் அந்தத் தலையணை வெளியே வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கோடைக்காலத்தில் பெருக்க ஒன்றுமே இருக்காது, தெரு துடைத்துவைத்தாற்போல இருக்கும். ஆனாலும் பெருக்க வேண்டும். சத்தமில்லாமல் பெருக்கினால் கணக்கில் சேராது என்று சீக்கிரமே கண்டுகொண்டோம். ஆகவே உன் மருமகன் முதலில் வாளியை ‘டங்’கென்று வைப்பார். பிறகு முறத்தைக் கல்லில் இரண்டு தட்டு. தலையணை நகரும். பிறகுதான் வாரியல்.

இலையுதிர்காலம் வந்தால் கதை வேறு. பக்கத்து வீட்டில் ஒரு வால்நட் மரம் நிற்கிறது. மரம் அவர்களுடையது, காய் அவர்களுடையது, இலை மட்டும் எங்கள் வாசலில். முதல் உறைபனி விழுந்த காலையில் ஒரே மூச்சில் அத்தனையும் கொட்டிவிடும். உள்ளங்கை அகல இலை. காம்பு தனியாக, இலை தனியாக. நனைந்துவிட்டால் கல்லில் ஒட்டிக்கொண்டு வராது, மிதித்தால் கறை. இவர் ஒரு கோடியிலிருந்து தூத்துக்கொண்டு மறுகோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் பத்து இலை கிடக்கும். போய் அள்ளிவிட்டுத் திரும்பினால் இங்கே பத்து. தலையணை இரண்டு பக்கமும் பார்க்கும்.

எஞ்சினியர் மூளை சும்மா இருக்குமா? மேல்வீட்டுக்காரரின் முறை வந்த வாரம், வெள்ளிக்கிழமை இருட்டிய பிறகு, ஒட்டடைக்கம்பை எடுத்துக்கொண்டு போய் எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கிளையை உலுக்கிவிட்டு வந்தார். விழ வேண்டியது மேல்வீட்டுக் கணக்கில் விழட்டும் என்று. நல்ல யோசனைதான். எங்கள் முறைக்கு முந்தின ராத்திரி நான் குப்பை போடப் போனால், மரத்தடியில் மேல்வீட்டுக்காரர் நிற்கிறார், கையில் என் கம்பைவிட நீளமான கம்பு. "குட்டன் ஆபென்ட்" என்றார். நானும் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

இலையை ஊதித் தள்ளுகிற மெஷின் ஒன்று வாங்கிவிடலாம் என்றும் இவர் பார்த்தார். அதற்கும் ஜெர்மனி முழுக்க ஒரு விதி இருக்கிறது. வீடுகள் இருக்கிற தெருவில் காலை 9 முதல் 1 வரை, மறுபடி 3 முதல் 5 வரை. அவ்வளவுதான். ஞாயிறும் விடுமுறை நாளும் கிடையவே கிடையாது. மத்தியானம் இரண்டு மணி நேரம் இலைக்கும் உறக்கம். வாரியலுக்கு இந்தக் கட்டுப்பாடு ஒன்றும் இல்லை, எந்த நேரமும் பெருக்கலாம். மெஷின் விளம்பரத்தைப் பாட்டியிடம் காட்டியபோது அவர் விலையைப் பார்த்தார், பிறகு இவர் கையைப் பார்த்தார். "கை நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதில் இன்னொரு கூத்து. ஓர் இலை விடாமல் அள்ளிய பிறகு, தோட்டத்து மூலையில் ஒரு குவியலை மட்டும் தொடாமல் விட வேண்டும். அது முள்ளெலிக்கு. நம் தேரிக்காட்டு முள்ளெலிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். குளிர்காலம் முழுக்க இலைக்குள் சுருண்டு தூங்குமாம். இந்தத் தெருவில் பெருக்கும் முறை இல்லாத ஒரே ஆள் அதுதான்.

பெரியம்மைக்கு ஒரு விஷயம் சொல். கம்போடு நின்ற மேல்வீட்டுக்காரர் ரிட்டையர்டு ஜட்ஜ். அவர் கதவிலும் அதே அட்டைதான் தொங்குகிறது, அவர் கையிலும் அதே வாரியல்தான். அவர் வீட்டுக்கு யாரும் போன் போட்டு, வேலை போய்விட்டதா என்று கேட்கவில்லை. நம் தெருவைக் கூட்ட வருகிறவள் ஒரு நாள் வராவிட்டால், வருகிறவரை குப்பை கிடக்கும், நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்போமே தவிர யாரும் குனிய மாட்டோம். நீ கேட்ட தொனியில் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்தது விறகு. உட்கார்ந்துகொண்டே கேள். விறகடுப்பில் ஊதி ஊதிக் கண் எரிந்து, "நீயாவது படிச்சு கேஸ் அடுப்பு உள்ள வீட்டுக்குப் போ" என்றாய். படித்தேன், வந்தேன். இங்கே ஹாலில் விறகடுப்பு. 2022-இல் கேஸ் விலை ஏறியபோது ஊரே விறகுக்கு ஓடியது, விறகு விலையும் கூடவே ஏறியது. ‘ஸ்டேர்’ கணக்கில் விற்கிறார்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர். டிராக்டரில் கொண்டுவந்து வாசலிலே தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இறவாரத்துக்குக் கீழே சுவரோடு ஒட்டாமல், காற்று உள்ளே போகிற மாதிரி அடுக்குவது நம் வேலை. சனிக்கிழமைக்குள் வாசல் காலியாக வேண்டும், அது ஏன் என்று இனி நான் சொல்ல வேண்டாம்.

விறகில் ஈரம் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எரிக்கக் கூடாது, சட்டம். அதைப் பார்க்க ஒரு கருவி. இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். விறகைப் பிளந்து, புதுப்பிளவில் குத்தினால் எண் காட்டும். இவர் ஒவ்வொரு கட்டையாகக் குத்திக் குத்தி 17, 18 என்று நோட்டில் எழுதினார். நான் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டினேன். கணீரென்று கேட்டது. "காய்ஞ்சிருக்கு, உள்ள எடுங்க" என்றேன். நோட்டும் அதையேதான் சொன்னது. உன்னிடம் படித்த படிப்பு இங்கே செல்லுபடியாகிறது என்று எனக்கு ஒரே பெருமை.

புகைபோக்கி சுத்தம் பண்ணுகிறவர் கறுப்பு உடுப்பில் வருவார். அவர் சட்டையைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பார்கள். பிள்ளை ஓடிப்போய்த் தொட்டான். அப்புறம் பில் வந்தது.

எல்லாம் புலம்பல் என்று நினைக்காதே. ஆப்பிளைப் பற்றிச் சொல்கிறேன். மலையடிவாரம் முழுக்கப் பழைய ஆப்பிள், பேரிக்காய் மரங்கள், புல்வெளியில் தள்ளித் தள்ளி நிற்கின்றன. இந்தத் தோப்புகளைப் பேணும் முறையை 2021-இல் ஜெர்மனியின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பட்டியலில் சேர்க்க ஆள் உண்டு, கீழே கிடக்கிற பழத்தைப் பொறுக்க ஆள் இல்லை. அதனால் சில மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டிவிடுகிறார்கள். ரிப்பன் கட்டிய மரத்தில் யாரும் கேட்காமல் பறித்துக்கொள்ளலாம். இத்தனை விதி போடுகிற ஊரில் இப்படி ஒன்றா என்று நான் முதலில் நம்பவில்லை, ரிப்பனைத் தொட்டுப் பார்த்தேன்.

சாக்கு சாக்காகப் பொறுக்கி, சாறு பிழிகிற இடத்துக்குக் கொண்டுபோவோம். வரிசையில் எல்லோரும் டிராக்டரும் தள்ளுவண்டியுமாக நிற்பார்கள். சாக்கை அவிழ்த்துத் தொட்டியில் கொட்டினால் பழம் தண்ணீரில் உருண்டு மிதக்கும், வாளிக் கன்வேயர் அள்ளிக்கொண்டு மேலே போகும், அரைபடும், அழுத்துப்பலகைக்குள் போகும். நூறு கிலோவுக்கு அறுபது எழுபது லிட்டர் வரும். 80 டிகிரி வரை சூடாக்கி, பைக்குள் நிரப்பி, குழாய் வைத்த அட்டைப்பெட்டியில் போட்டுத் தருவார்கள். சூடு பண்ணுவதற்கு முன்னால் ஒரு டம்ளர் பிடித்துக் குடிக்கக் கொடுப்பார்கள் பார், அம்மா! விடியக்காலம் பனையிலிருந்து இறக்கின பதநீரைப் பட்டையில் வாங்கி முதல் மிடறு குடிக்கும்போது வருமே, அப்படி ஒரு குளிர்ச்சி. வீட்டுக்கு வருகிறவரை பின்சீட்டில் பிள்ளை சூடான பெட்டியைக் கட்டிப்பிடித்தே தூங்கிவிட்டான். இப்போது நிலவறையில் அடுக்கி வைத்திருக்கிறோம், அடுத்த ஆப்பிள் வரும்வரை காணும்.

பாட்டி வந்து எங்கள் விறகு அடுக்கைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போனார். இந்தப் பக்கத்து ஜனங்கள் திட்டவில்லை என்றால் அதுவே பாராட்டு. இவர் அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். இனி நமக்குள் நாலரை மணி நேர வித்தியாசம். நீ சாப்பிட்டு முடித்து ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டால் எனக்கு மத்தியானம் மூன்றரை. அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் இங்கே இருட்ட ஆரம்பித்துவிடும். அங்கே ஐப்பசி மழையில் நீங்கள் எல்லோரும் திண்ணையில் ஒண்டிக்கொண்டு ஒருவர் பேச ஒருவர் மறுப்பீர்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை காலி பாட்டிலைக் கொண்டுபோய்க் கண்ணாடித் தொட்டியில் போடக்கூட முடியாது, சத்தம் வரும் என்று. அடுப்பில் விறகு வெடிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சுவருக்கு அந்தப்புறமிருந்து "என்னளா குழம்பு?" என்று ஒரு குரல் வந்தால் இந்த ஊரை மன்னித்துவிடுவேன்.

அடுத்த வருஷம் செப்டம்பர் கடைசியில் நீயும் அப்பாவும் வாருங்கள். டிக்கெட் நாங்கள் எடுக்கிறோம். பாஸ்போர்ட்டை இப்போதே புதுப்பிக்கச் சொல், அப்பா ‘பார்க்கலாம்’ என்றால் விடாதே. விறகு அடுக்க நீ மேஸ்திரி, பழம் பொறுக்க அப்பா. வரும்போது கருப்பட்டியும் சுக்கும் போதும். ஒன்று மட்டும்: ஞாயிற்றுக்கிழமையானால் சுத்தியலை எடுத்துச் சுவரில் ஆணி அடிக்கிற பழக்கத்தை அப்பா அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். இங்கே அடித்தால் முதல் ஆணிக்கே ஜட்ஜ் இறங்கி வந்துவிடுவார்.

அன்புடன்,
உன் மகள்