வெள்ளி அவர்களுக்கு, வட்டம் நமக்கு

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்த வெள்ளி ரூபாயைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பிரெஞ்சில் ஓர் எழுத்து இருக்காது. பாரசீகத்தில் டெல்லி பாதுஷாவின் பெயர் இருக்கும், அடையாளத்துக்கு ஒரு பிறை இருக்கும். 1736-ல் ஆளுநர் துய்மா, ஆற்காட்டு நவாப் தோஸ்து அலி கானைப் பிடித்து வாங்கிய நாணயம் அடிக்கும் உரிமை அது. கப்பலில் வந்த வெள்ளியை நவாபின் அக்கசாலைக்கு அனுப்பினால் லாபம் நவாபுக்கு. தானே அடித்தால் பிரெஞ்சுக் கம்பெனிக்கு. லாபம் வருமென்றால் எந்த ராஜாவின் பெயரையும் கம்பெனி நெற்றியில் ஒட்டிக்கொள்ளும்.

1739-ல் நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடி மயிலாசனத்தையே தூக்கிப் போனான். பாதுஷா முகம்மது ஷாவுக்கு உட்கார ஆசனம் இல்லை. புதுச்சேரி ரூபாயில் அவர் பெயருக்கு மட்டும் குறைவில்லை. அந்தப் பெயரும் முழுசாக விழுந்ததா? எடைபோட்டு எடுத்த வெள்ளித் துண்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து, சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. அச்சு பெரிது, துண்டு சிறிது. பாதுஷாவின் பெயரில் பாதி விளிம்போடு போய்விடும். அதற்கெல்லாம் யாரும் பதறவில்லை. எடையில் குன்றிமணி குறைந்தால்தான் பதறுவார்கள்.

தமிழை ஒரேயடியாகத் தள்ளிவிட்டார்கள் என்று சொன்னால் பாவம் வரும். செப்புத் துட்டில் ஒரு பக்கம் பிரெஞ்சு அரசரின் அல்லிப்பூ, மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி'. வெள்ளிக்குப் பாரசீகம், செம்புக்குத் தமிழ். கீரைக்காரி கைக்கு எது வரும் என்று கம்பெனிக்குத் தெரியாதா என்ன!

வெள்ளி ஒன்றிரண்டு தப்பி ஏழை கைக்கு வந்தாலும் காசு மாற்றும் சராப்பு விடமாட்டார். தேய்ந்ததா, வட்டம் என்று கழிவு பிடி. போன வருஷத்து அச்சா, அதற்கும் வட்டம் பிடி.

இது நம் ஊர் சாபம் மட்டுமில்லை. 13-ஆம் நூற்றாண்டு ஹங்கேரியில் அரசரே வருஷாவருஷம் பழைய வெள்ளிக் காசைச் செல்லாக்காசாக்கினார். கொடுத்த எண்ணிக்கையைவிடக் குறைவாகத்தான் புதுக்காசு திரும்பி வரும். 1330-களில் சார்லஸ் ராபர்ட் அரசர் அந்த வழக்கத்தைக் கைவிட்டார். நஷ்டத்தை ஈடுகட்ட வாசலுக்கு வாசல் வரி போட்டார். கொள்ளையை நிறுத்தியதற்கும் கூலி!

இன்று சராப்பு இல்லை, வங்கி இருக்கிறது. கூலிக்காரரின் சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் பல வங்கிகள் அபராதம் பிடிக்கின்றன. பணம் இல்லாத குற்றத்துக்குப் பணமே தண்டனை. கோடிகளில் கடன் வாங்கித் திருப்பாதவருக்கோ 'தள்ளுபடி' என்ற மரியாதை. இதற்கு நிர்வாகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இது பகல் கொள்ளை. உங்கள் பாஸ்புக்கில் அபராதம் என்று ஒரு வரி இருந்தால் சும்மா வராதீர்கள். மேலாளர் மேஜையில் அதை வைத்துக் கணக்குக் கேளுங்கள்.