மருமகன் மால்ல கடை வாங்கப் போறான்

வா மருமகனே, உக்காரு. நீ குடுத்துட்டுப் போன வழவழப்புப் புஸ்தகத்தை ராத்திரி கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நாலுவழிச் சாலை ஓரமா அஞ்சு மாடி மால். வாசல்ல நீரூற்று. அதுக்குப் பக்கத்துல பலூன் பிடிச்சுக்கிட்டு ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். நம்ம தாலுகாவுல அப்படி ஒரு குடும்பம் கிடையாதேலே, எங்க இருந்து கூட்டிட்டு வரப் போறானாம்? சரி, இருக்கட்டும். மூணாம் மாடியில 280 சதுர அடி உனக்கு. அதுக்கு வாய்க்கால் ஓரத்து வயலை விக்கணும். நல்ல யோசனைதான். வயல்னா களை எடுக்கணும், தண்ணி பாய்ச்சணும். மால்ல ஏசி காத்துல உக்காந்துக்கிட்டே நஷ்டப்படலாம்.

எம் மக வீட்டுக்கு அமெரிக்காவுல கிளீவ்லாந்து போயிருந்தேன்லா, அப்போ மாப்பிள்ளை ஒரு எடத்தைக் காட்டினாரு. நார்த் ராண்டால்னு குட்டி ஊரு. அந்தக் காலத்துல ஆளு 1,500 பேரு தேறினா அதிகம். நம்ம அம்மன் கொடைக்கு வார சொந்தக்காரங்களே அதைவிடக் கூடுதல். குதிரைப் பந்தயத்துக்குப் பேர் போன ஊரு. அங்க பந்தய மைதானம் ஒண்ணை எடுத்துட்டு, எட்வர்ட் டிபார்ட்டலோன்னு ஒரு பெரும்புள்ளி மால் கட்டினார். ராண்டால் பார்க் மால், 1976 ஆகஸ்ட்ல திறப்பு. 20 லட்சம் சதுர அடிக்கு மேல. உலகத்துலயே பெருசு இதுதான்னு தம்பட்டம். ஊர் முத்திரையில கடைப் பையைப் படமா வச்சுக்கிட்டாவன்னா பாத்துக்கோயேன். அவன் அவன் கும்புடுத சாமியைத்தானலே முத்திரையில வைப்பான்.

உன் புஸ்தகத்துல ‘ஆங்கர் ஸ்டோர்’னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கே, அந்த சூத்திரத்தைக் கேளு. ராண்டால்ல அப்படி அஞ்சு பெரிய கடை: சியர்ஸ், ஜே.சி. பென்னி, மே கம்பெனி, ஹிக்பீஸ், ஹார்ன்ஸ். இவங்களைப் பார்க்கத்தான் ஜனம் வரும். அதனால இவங்களுக்கு மால்காரன் சலாம் போடுவான். வாடகையைத் தள்ளிக் கொடுப்பான், சில பேருக்கு எடத்தையே கொடுத்துருவான். நடுவுல இருக்க செருப்புக் கடை, வளையல் கடை, ஐஸ்கிரீம் கடை எல்லாம் சதுர அடிக்கு முழு வாடகை. கொடையில அம்மனைப் பார்க்க வார கூட்டத்தை நம்பி பொரிகடலைக்காரன் கடை விரிப்பான்ல, அதே கணக்குத்தான். ஒரு வித்தியாசம்: நம்ம அம்மன் பொட்டியைக் கட்டிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போக மாட்டா. சியர்ஸ் போயிருவான்.

போனானா இல்லையான்னு கேளு. முதல்ல போனது அவன் இல்ல, வாங்க வார ஜனம். 1978-ல் வடக்க கொஞ்ச தூரத்துல, காசுக்காரங்க குடியிருக்க பக்கத்துல, பீச்வுட் பிளேஸ்னு இன்னொரு மால் வந்துட்டு. அதுக்கு முந்தின வருசம் யூக்ளிட் ஸ்கொயர். ரிச்மண்ட் மால் அதுக்கும் பத்து வருசம் முன்னாலயே வந்துட்டு. இத்தனை மால் கட்டுதாங்களே, ஜனம் பெருகுதான்னு நினைப்பே. கிளீவ்லாந்துல 1950-ல் 9 லட்சத்துக்கு மேல ஆளு; 2010-ல் 4 லட்சங்கூட இல்ல. சுத்துப்பட்டுல குடியேறினவங்க உண்டு, ஆனா புதுசா முளைச்ச ஆளுங்க இல்ல. ஒரே ஆளுங்கதான் எடம் மாறி எடம் மாறிப் போனாவ. ஒரே பாக்கெட்டுக்கு நாலு கை.

பின்ன ஏன் கட்டினான்? அங்க ஒரு வரிச் சட்டம் இருந்துது, 1954-ல் கொண்டாந்தது. புதுசாக் கட்டடம் கட்டினா, அது பழசாகுதுன்னு முதல் சில வருசத்துலயே கூடுதலாக் கழிவு எழுதிக்கிடலாம். கடையில லாபம் வருதோ இல்லையோ, வரிக்கணக்குல லாபம். ஊருக்கு வெளியே எடம் சல்லிசு, கட்டுதா கட்டுன்னு கட்டிட்டாவ. உன் பில்டரு என்ன கணக்குல கட்டுதான்னு கேட்டியா? கேக்க மாட்டே. டைல்ஸ் கலரைக் கேட்டிருப்பே.

ராண்டால்ல 2001-ல் பென்னி கடையை மூடிட்டான். அதுல ஒரு சூட்சுமம் உண்டு. அங்க விவரமான சின்னக் கடைக்காரன் ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிருப்பான்: பெரிய கடை போச்சுன்னா என் வாடகை குறையணும், இல்ல நான் கிளம்பிருவேன்னு. ஒரு பெரிசு போனா பத்து சிறுசு கிளம்பும். வரும்படி குறைஞ்சதும் மால்காரன் விளக்கைக் குறைப்பான், காவலைக் குறைப்பான். இருட்டின எடத்துக்கு அடுத்த பெரிசு எதுக்கு இருக்கப் போறான்? அந்தப் பழைய அஞ்சுல கடைசிவரை இருந்தது சியர்ஸ். 2009-ல் அவனும் பூட்டினான், மாலும் பூட்டியாச்சு. அஞ்சு வருசம் கழிச்சு இடிக்க ஆரம்பிச்சாவ. கடை அம்புட்டு இருந்த ஊர்ல கடைசியா நடந்த பெரிய வியாபாரம் பழைய இரும்பு வியாபாரம்னு எனக்கு ஒரு நினைப்பு.

இப்போ அந்த எடத்துல என்ன இருக்குங்கே? அமேசான் கிட்டங்கி. 2018-ல் திறந்தான், 8 லட்சம் சதுர அடிக்கு மேல. இத்தனை தூரம் வந்துட்டோமே, உள்ள போயி பேத்திக்கு ஒரு பென்சில் டப்பாவாவது வாங்குவோம்னு நான் காரை விட்டு இறங்கினேன். மாப்பிள்ளை பதறிப்போயிட்டாரு. “மாமா, இங்க யாரும் போயி வாங்க முடியாது”ன்னாரு. ஜன்னலே இல்லாத சுவரு. லாரி போகுது, லாரி வருது. வேலைக்காரங்க நிறுத்தின காருக்குக் கணக்கே இல்ல. வாங்குத மூஞ்சி ஒண்ணு இல்ல. யூக்ளிட் ஸ்கொயரும் இப்போ அமேசான் கிட்டங்கிதான். பக்கத்துல ஏக்ரன்ல ரோலிங் ஏக்கர்ஸ்னு ஒரு மால் இருந்துது, அதுவும் அப்படித்தான். நல்ல ரோடு, பரந்த எடம், கரண்டு எல்லாம் மால்காரன் போட்டு வச்சிருந்தானா, அமேசான்காரனுக்கு வசதியாப் போச்சு. நீயும் கவலைப்படாதே, உன் மாலும் வீணாப் போகாது. உன் 280 சதுர அடி மட்டும் என்ன ஆகும்னு தெரியல.

இந்த மால் வித்தையைக் கண்டுபிடிச்ச ஆளு கதை இன்னும் வேடிக்கை. விக்டர் க்ரூயென், வியன்னாக்காரர், கட்டடக் கலைஞர். 1956-ல் மின்னசோட்டாவுல சவுத்டேல்னு, மேல கூரை போட்டு குளிர்சாதனம் வச்ச முதல் பெரிய மாலைக் கட்டினது அவருதான். பக்கத்துல வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வரணும், ஜனங்க கூடி நின்னு பேசணும்னு அவருக்கு ஆசை. முதலாளிங்க கடையை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கார் நிறுத்தமா ஆக்கிட்டாவ. மனுசன் வெறுத்துப்போயி 1968-ல் சொந்த ஊருக்கே திரும்பிட்டாரு. அங்கயாவது நிம்மதி உண்டான்னா, ராண்டால் திறந்த அதே 1976-ல் வியன்னா எல்லையில ஒரு பெரிய மால் வந்து நிக்குது! அந்தப் பிள்ளைங்களுக்கு நான் அப்பன் இல்லன்னு பிற்காலத்துல கையைக் கழுவிட்டாரு. அப்பனே கைவிட்ட பிள்ளையை நீ சுவீகாரம் எடுக்கப் போறே.

சிரிக்காதலே. எல்லா மாலும் சாகாது, எனக்குத் தெரியும். அந்த பீச்வுட் இப்பவும் நடக்குது. காசுக்காரன் வாசல்ல வந்து உக்காந்தவன் பிழைச்சுக்கிட்டான். அங்க நடுவுல இருக்க சின்னக் கடைக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே முதலாளி, மழை ஒழுகினா அவன் சட்டையைப் பிடிக்கலாம். உன் பில்டரு கடைகடையா வித்துட்டுப் போயிருவான். அப்புறம் எஸ்கலேட்டர் நின்னுட்டுன்னா 150 முதலாளி சேர்ந்து கூட்டம் போடணும். நம்ம பங்காளிங்க ஏழு பேரு ஒரு கிணத்து மோட்டாரை ரிப்பேர் பண்ண மூணு கோடை ஆச்சு.

அதனால வாங்காதேன்னு நான் சொல்லல. நான் யாரு சொல்ல? கீழ்த்தளத்துல வருதாம்லா ஒரு சூப்பர் மார்க்கெட்டு, அவன் எத்தனை வருசத்துக்கு எழுத்துல கையெழுத்துப் போட்டிருக்கான்? பாதியில போனா உனக்கு மாசாமாசம் கட்டுத பராமரிப்புக் காசு குறையுமா? அதே சாலையில அடுத்த எடத்துக்கும் வேலி போட்டிருக்கே, அது யாரு, என்ன கட்டப் போறான்? இதை அந்த டை கட்டின பையன்கிட்ட கேளு. காப்பி குடுப்பான், வாங்கிக் குடிச்சுட்டு மறுபடியும் கேளு.

என்னலே முழிக்கே? அட்வான்ஸ் குடுத்தாச்சா? ரொக்கமாவா, செக்காவா? செக்குன்னா என்னைக்குத் தேதி போட்டிருக்கே, அதை முதல்ல சொல்லு.