ஆச்சியும் முள்ளும்

லேய் பேராண்டி, அந்தப் பொட்டியை மூடிவச்சிட்டு இப்படி வந்து உக்காரு. ஹ்மாங் மொழியையும் அம்ஹாரிக் மொழியையும் ஒப்பிட்டு நாலு பக்கம் எழுதணும்னு வாத்தியார் சொல்லிட்டாருன்னு மூணு நாளா மோட்டைப் பாத்துக்கிட்டுக் கெடக்கே. நடுவுல ஒரு கோடு, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, அடியில 'எது கஷ்டம்'னு ஒரு தீர்ப்பு. ஆட்டுச் சந்தையில கிடாவுக்குப் பல்லைப் பிடிச்சுப் பாக்கவன்கூட இதைவிடக் கொஞ்சம் யோசிப்பான்.

தாத்தாவுக்கு இதுல என்ன தெரியும்னுதானே நினைக்கே? உங்க அப்பன் என்னை இந்த அமெரிக்காவுக்கு, செயின்ட் பாலுக்குக் கூட்டியாந்து ஆறு மாசம் ஆச்சு. நீ காலேஜுக்குப் போன நேரத்துல நான் சும்மா இருக்கல. சந்தையில மிளகாயும் மல்லித்தழையும் விக்கிற ஹ்மாங் கிழவி ஒருத்தி, கார் நிறுத்துற எடத்துல சீட்டுக் கிழிக்கிற எத்தியோப்பியாக்காரன் ஒருத்தன், ரெண்டு பேரும் நமக்குச் சிநேகிதம். மூணு பேருக்குமே இங்கிலீஷ் அரைகுறை. அதனால பேச்சு ரொம்ப நல்லா ஓடும்.

கிழவி சொன்னதைக் கேளு. லாவோஸ் சண்டையில அவங்க ஆளுங்க அமெரிக்காக்காரன் பக்கம் நின்னாங்க. 1975-ல எல்லாம் தலைகீழாப் போச்சு. தாய்லாந்து முகாம் வழியா இந்தப் பனிக்காட்டுக்கு வந்து சேந்தாங்க. வாரப்ப கையில மூட்டை இருந்துச்சோ இல்லையோ, வாயில ஏழு சுதி இருந்துச்சு. 'பொ'ங்கிற ஒரே சத்தத்தை ஏழு விதமா இழுக்கா, பாத்துக்கோ. ஒசத்திச் சொன்னா பந்து. ஒசரத்துலருந்து இறக்குனா பெண்ணு. கீழருந்து ஏத்துனா எறி. நடுவுல நிறுத்துனா மண்ணீரல். தொண்டையை இறுக்குனா பாரு. தாழ்த்திச் சொன்னா முள்ளு. அதையே மூச்சு விட்டுத் தாழ்த்துனா அப்பனைப் பெத்த பாட்டி. பாட்டிக்கும் முள்ளுக்கும் நடுவுல ஒரு மூச்சுதான் வித்தியாசம். இது எனக்குக் கல்யாணம் ஆன மறுவருஷமே தெரியும். ஹ்மாங்காரங்க மொழியிலயே எழுதிவச்சிருக்காங்க.

எழுதிவச்ச கதையும் வேடிக்கைதான். 1950-கள் தொடக்கத்துல லாவோஸுக்குப் போன பாதிரிமாரும் ஒரு மொழியறிஞரும் கூடி ரோமன் எழுத்துல ஒரு முறை பண்ணாங்க. அந்த மொழியில சொல்லு மெய்யெழுத்துல முடியாது, 'ங்' மட்டும் விதிவிலக்கு. சரி, கடைசி எடம் காலியாத்தானே கெடக்குன்னு, அங்க ஒரு எழுத்தை நட்டுச் சுதிக்கு அடையாளம் ஆக்கிட்டாங்க. அவங்க பேரையே ஹெச், எம், ரெண்டு ஓ, பி-ன்னு எழுதுவாங்க. நீ 'ஹ்மூப்'னு வாசிப்பே. அந்த பி வாயில வராது, குரலை ஒசத்துங்கிற சைகை அது. ரெண்டு ஓ சேந்தா 'ங்'. எழுதியிருக்கதை வாசிச்சா நீ முட்டாள்.

இப்ப எத்தியோப்பியாக்காரன்கிட்ட வா. அவன் பேசுற அம்ஹாரிக்கை எழுதுற எழுத்துக்குப் பேரு ஃபிதெல். 33 எழுத்து, ஒவ்வொண்ணுக்கும் ஏழு உருவம், மொத்தம் 231. நம்ம உயிர்மெய் மாதிரியேதான். நம்ம தமிழ் எழுத்து வகைக்கு மொழியறிஞருங்க வச்ச பேரு தெரியுமா? அபுகிடா. அது அவன் ஊர் எழுத்து வரிசையிலருந்து எடுத்த பேரு. 231 இருந்தும் ஒரு ஓட்டை. மெய்யை அழுத்துறதுக்கு அதுல அடையாளமே கிடையாது. 'அலெ'ன்னா சொன்னான், 'அல்லெ'ன்னா இருக்கான், எழுதுறது ஒண்ணுபோல. 'கெனா'ன்னா இன்னும், 'கென்னா'ன்னா கிறிஸ்துமஸ், அதுவும் ஒண்ணுபோலத்தான். இங்க எழுதாததை வாசிக்கணும். அங்க எழுதுனதை விழுங்கணும். இந்த ஒரு சங்கதியை வச்சே நாலு பக்கம் எழுதலாம்லே!

சோத்துப் பேச்சுக்கு வருவோம். 'கு நோ மோ'ன்னா 'நான் தின் சோறு'. நேத்துத் தின்னாலும், அவன் தின்னாலும், ஊரே தின்னாலும் 'நோ' அசையாது. வேண்டாம்னா முன்னால 'ச்சி'. ஆமாலே, இல்லைங்கிறதுக்கு அவங்க சொல்லே 'ச்சி'தான். நம்ம வீட்டுலயும் புதுக் கொழம்புக்கு அதைத்தானே சொல்லுதே? அம்ஹாரிக்காரன் 'இன்ஜெரா பெல்லாஹு'ம்பான், அவங்க தோசையான இன்ஜெராவைச் சாப்பிட்டேன்னு. நம்மளை மாதிரியே வினையைக் கடைசியில வச்சு, 'நான்'ங்கிறதை அதுக்குள்ள மடிச்சு வச்சிருக்கான். பொம்பளையப் பாத்து 'நீ'ன்னு சொல்ல 'அன்ச்சி'. நான் அதை 'அஞ்சி'ன்னுதான் மனப்பாடம் பண்ணியிருக்கேன். பொழைக்கத் தெரிஞ்சவன் அப்படித்தான் பண்ணுவான்.

ஹ்மாங்காரங்களுக்கு முன்னால எழுத்தே இல்லையான்னா, இருந்த புத்தகத்தை ஆத்தைத் தாண்டுறப்ப தொலைச்சோம்னும் சொல்லுவாங்க, குதிரை தின்னுட்டுதுன்னும் சொல்லுவாங்க. (நீயும் வாத்தியார்கிட்டச் சொல்லிப் பாரு, எடுபடுதான்னு.) 1959-ல ஷோங் லூ யாங்னு ஒரு விவசாயி. எழுதப் படிக்கத் தெரியாத ஆளு. அவரு தானா ஒரு எழுத்தை உண்டாக்கி, திருத்தித் திருத்தி ஊருக்குச் சொல்லிக் கொடுத்தாரு. அதுல உயிர் முன்னால நிக்கும், மெய் பின்னால நிக்கும்; வாசிக்கறப்ப மாத்தி வாசிக்கணும். சிரிக்காதே. நம்ம 'கெ'யில கொம்பு எங்கலே நிக்கு? 1971-ல அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. கையெழுத்துப் போடத் தெரியாதவன் எழுத்து பண்ணுனா, பெரிய மனுசங்களுக்குப் பயம் வந்துருது.

எத்தியோப்பியாக்காரன்கிட்ட நமக்குப் பிடிச்ச சரக்கு ஒண்ணு இருக்கு. 'செம்ன்னா வெர்க்'னு பேரு, மெழுகும் பொன்னும். தட்டான் மெழுகுல உருப் பண்ணி, மேல களிமண்ணை அப்பி, சூட்டுல மெழுகை உருக்கி ஓடவிட்டுப் பொன்னை ஊத்துவான்லா, அதே மாதிரி பாட்டு. மேலே கேக்கது மெழுகு, உள்ளே குத்துறது பொன்னு. நம்ம சிலேடைக்காரங்களுக்கு அவன் ஒண்ணுவிட்ட சொந்தம்.

அதனால 'எது கஷ்டம்'ங்கிற வரியை அடிச்சிரு. சனிக்கிழமை காலையில என்கூடச் சந்தைக்கு வந்து, கிழவி முன்னால நின்னு ஏழு 'பொ'வையும் நீயே சொல்லிப் பாரு. அவ சிரிச்சு முடிச்ச பிறகு வந்து எழுது. பையை மறக்காதே, மிளகாய் வாங்கணும். அப்புறம், ஊர்லருந்து ஆச்சி போன் பண்ணுனா, இந்த முள்ளு விஷயத்தை மட்டும் சொல்லித் தொலைச்சிராதே.