ஆட்டோவா, நடையா?

கேள்வி: முதல்முறையாகத் திருவண்ணாமலை போகிறேன். ஊரைச் சுற்றிப் பார்க்க ஆட்டோ பிடிக்கலாமா, நடக்கலாமா? (ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: நடைதான். வழி தவறவே முடியாத ஊர் அது. நிமிர்ந்தால் மலை தெரியும். இல்லையென்றால் 217 அடி ராஜகோபுரம் தெரியும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மலை உங்கள் வலப்பக்கமே இருக்கவேண்டும். இடப்பக்கம் இருந்தால் ஊரே எதிரே வரும்! சாலையின் இடது ஓரமாக நடங்கள். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்கள் சுற்றுவதாக ஐதிகம். சித்தர்கள் வழிவிட்டாலும் ஆட்டோக்காரர் விடமாட்டார்.

செருப்பில்லாமல் சுற்றுவதுதான் வழக்கம். ஆகவே விடியற்காலையிலோ, வெயில் தாழ்ந்தோ கிளம்புங்கள். உச்சி வெயிலில் இறங்கினால், அக்னி லிங்கம் வருவதற்குள் தார்ரோடே அக்னியைக் காட்டிவிடும்.

மறுநாள் கால் ஒத்துழைத்தால், ரமணாஸ்ரமத்தின் பின்புறமுள்ள கல் பாவிய பாதையில் ஏறுங்கள். ரமணர் 1916 முதல் 1922 வரை இருந்த கந்தாஸ்ரமம் வரும். அதன் பக்கத்துப் பாறையில் நின்றால் கோபுரங்களும் பிராகாரங்களும் வரைபடம் போலக் கீழே விரியும். விருபாட்ச குகை வழியாக இறங்கினால் கோயில் பக்கமே வந்துவிடலாம். கையில் வாழைப்பழம் வேண்டாம். குரங்குகள் கேட்டு வாங்குவதில்லை.

பௌர்ணமியன்று மட்டும் நடப்பதைப் பற்றிக் கவலையே படாதீர்கள். கூட்டமே நடத்திக் கொண்டுபோய்விடும்.