அது அப்படித்தான் சார்!

எனக்குத் தெரிந்த ஒருவருடைய காரில் முன் இருக்கை என்பது மரியாதை அல்ல, உத்தியோகம். பெல்ட்டை மாட்டி முடிப்பதற்குள், "மூணாவது போடும்போது மட்டும் லேசா இப்படிப் பிடிச்சுக்கங்க சார்" என்று உங்கள் வலது கையை எடுத்துக் கியர் ராடின்மேல் வைத்துவிடுவார். ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான் சார். வண்டிக்கு நாமதான் பழகிக்கணும்."

பிடிப்பதற்கும் ஒரு பதம் உண்டு. மேட்டில் இழுத்துக்கொண்டு போகும்வரை சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து அவர் காலை எடுத்தாரோ, ராடு உங்கள் உள்ளங்கையைப் பின்னால் தள்ளும். அந்த நேரம் பார்த்து விட்டுவிடக் கூடாது. விட்டால் 'டக்'கென்று நியூட்ரலுக்கு வந்துவிடும். அடுத்து அவர் மிதிக்கிற மிதிக்கு எஞ்சின் மட்டும் அலறும், வண்டி வேகமெடுக்காது. "என்ன சார், தூங்கிட்டீங்களா?" என்று நம்மைப் பார்ப்பார். ஒரு ஸ்பிரிங்கும் நாலு பல்லும் செய்ய வேண்டிய வேலைக்கு என்னிடம் விளக்கம் கேட்கிறார் மனிதர்.

அவர் மனைவி இதில் கைதேர்ந்தவர். இடது கையால் போனில் தங்கையோடு பேசிக்கொண்டே, வலது கையால் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஸ்பீட் பிரேக்கர் வருவதற்குமுன் கை தானாக இறுகும். மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை முன்னால் உட்காரச் சொன்னபோது, மாமனார் தன்னைக் கௌரவிப்பதாக அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டது. ஊர் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. அடுத்த முறை பஸ்ஸில் வந்தார்.

ஆள் கிடைக்காத நாளில் இடது முழங்கால் உதவும். நடுவில் கொஞ்ச காலம் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, ராடை டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் கம்பியோடு இழுத்துக் கட்டியிருந்தார். "இது எந்தக் கம்பெனி இன்ஜினீயருக்கும் தோணல பாருங்க" என்று பெருமை வேறு. முடிச்சு அவிழாமல் ஒருநாள் சேலத்திலிருந்து ஓமலூர் வரை மூன்றாவதிலேயே போன பிறகு அந்தக் கண்டுபிடிப்பு கைவிடப்பட்டது. பழைய அம்பாசடர்களில் கியர் ராடு ஸ்டியரிங் தண்டோடு இருக்கும், பக்கத்தில் இருப்பவன் பிடித்துக்கொள்ள அத்தனை வசதிப்படாது. கொடுத்துவைத்த தலைமுறை அது.

மெக்கானிக் சொல்லாமல் இல்லை. "ஃபோர்க் தேஞ்சிருக்கும், இல்லேன்னா லாக் ஸ்பிரிங் செத்திருக்கும், அதுவும் இல்லேன்னா பல்லு மழுங்கியிருக்கும். கியர்பாக்ஸ இறக்கிப் பாத்தாத்தான் தெரியும். கையால அமுக்கிப் பிடிக்காதீங்க, ஃபோர்க் இன்னும் தேயும்" என்றார். 'இறக்கி' என்ற இடத்திலேயே நம்மவர் காதை மூடிக்கொண்டுவிட்டார். மீதி அவருக்கு எட்டவில்லை. ஆகவே நாங்களெல்லாம் முறைவைத்துப் பிடித்துப் பிடித்து, அவர் செலவை ஒவ்வொரு கிலோமீட்டராக ஏற்றிக்கொண்டிருந்தோம்.

மற்ற அறிகுறிகளுக்கும் அவரிடம் பதில் உண்டு. இரண்டாவது போடும்போது கரகரவென்று அரைக்கும். உள்ளே பித்தளை வளையம் தேய்ந்துபோய், பல்லும் பல்லும் வேகம் ஒத்துப்போவதற்குமுன் முட்டிக்கொள்கிற சத்தம் அது. அவர் சொல்வது: "ஆயில் இன்னும் சூடாகல சார்." மே மாதம், சேலம், பகல் ஒரு மணி. நியூட்ரலில் நின்றால் உள்ளிருந்து 'ஊஊ' என்று ஒரு முனகல். கிளட்சை மிதித்தால் நிற்கும். பாக்ஸுக்குள் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடையாது. அவர் இதிலிருந்து கண்டுகொண்டது, சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்பது நல்லது என்பது. ரிலீஸ் பேரிங்கும் போனது. கியர் ஆயிலை வடித்தபோது தட்டில் இரும்புச் செதில்கள் மின்னின. "பாத்தீங்களா, எப்படிப் பளபளன்னு இருக்கு!"

கிளட்ச் பிளேட் மாற்ற ஒருமுறை பாக்ஸ் கீழே இறங்கத்தான் செய்தது. "இறக்குன கூலி இறக்குனதுதான், இதோட பேரிங்கையும் ரிங்கையும் மாத்திடலாம் சார்" என்று கெஞ்சியிருக்கிறார் மெக்கானிக். "இப்போதைக்குக் கிளட்ச் மட்டும் போடுப்பா." இந்த 'இப்போதைக்கு' இருக்கிறதே, அவர் வீட்டு மோட்டார், மொட்டைமாடி விரிசல், கடைவாய்ப் பல் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன.

மனிதர் தங்கம், அதையும் சொல்லியாக வேண்டும். நடுராத்திரியில் தெருவில் யாருக்கு வலி கண்டாலும் முதலில் தட்டுவது அவர் கதவைத்தான். கைலியோடு வந்து வண்டியை எடுப்பார். பெட்ரோலுக்கென்று ஒரு ரூபாய் வாங்கியதில்லை. பிரசவ வலியில் இருந்த பெண்ணின் அண்ணனிடம் மூன்றாவதைப் பிடிக்கச் சொன்னார் என்பது உண்மைதான். ஆனாலும் நேரத்துக்குக் கொண்டு சேர்த்தார்.

ஆனால் ஏற்காட்டுக்கு அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனதை மட்டும் என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது பாதி பிரேக், பாதி கியர். அன்றைக்கு இரண்டாவதும் தெறித்தது. நியூட்ரலில் விழுந்த வண்டியின் எடை முழுக்க பிரேக்கின்மேல். சூடேறச் சூடேறப் பிரேக் பிடிக்காமல் போகும். கருகல் வாடை வந்த பிறகும் அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னது அதே வாக்கியம். அவர் காசை அவர் மிச்சம் பிடிக்கட்டும். பின்சீட்டில் இருந்தவை அவருடைய பிள்ளைகள் மட்டுமல்லவே.

இப்போது வண்டியை விற்கப் போகிறாராம். "சிங்கிள் ஓனர், ஒரு வேலையும் இல்ல" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாங்க வருகிறவர்களே, ஓட்டிப் பார்க்கும்போது முன் இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். மூன்றாவதில் ஒரு மேடு ஏற்றி, உச்சியில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலையும் ராடிலிருந்து கையையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். 'டக்'கென்று கேட்டால், கியர்பாக்ஸ் வேலைக்கான முழுத் தொகையையும் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.