42-ஆவது நிமிஷம்

மேடையேறியதும் அவர் முதலில் பார்ப்பது சபையை அல்ல, ஸ்டாண்டில் நிற்கும் தன் செல்போனை. சிவப்புப் புள்ளி தெரிகிறதா என்று முதல் வரிசையில் இருக்கும் மனைவியைக் கண்ணாலேயே கேட்பார். மாமி தலையாட்டினால்தான் "சபையோருக்கு வணக்கம்" பிறக்கும். லஸ் ரானடே நூலகத்து சாஸ்திரி ஹாலோ, தி.நகர் தக்கர் பாபா வித்யாலயாவோ, அடையாறில் ஏதோ அடுக்குமாடியின் பொங்கல் விழாவோ, முறை ஒன்றுதான். தலைப்பு கம்பனாகவும் இருக்கலாம், மாடித் தோட்டமாகவும் இருக்கலாம். வங்கியில் ஓய்வு பெற்றவருக்குத் தலைப்பா முக்கியம்?

பேச்சைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேச்சுக்கு அடுத்த வாரம்தான் சிரமம்.

அன்றிரவே யூடியூப் லிங்க் வந்துவிடும். குடும்பக் குரூப், பழைய வங்கி நண்பர்கள் குரூப், ஃப்ளாட் குரூப், வாக்கிங் குரூப் என்று நாலிலும் நீங்கள் இருந்தால் நாலு தடவை. பின்னாலேயே பிபிடி. அதற்கும் பின்னால், "போன லிங்க்ல சத்தம் கம்மி, இதைப் பாருங்கோ" என்று மறுபடியும். ஒரு கட்டைவிரலைப் போட்டுத் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கட்டைவிரல் போட்டவர் பரீட்சைக்குப் பணம் கட்டியவர். பரீட்சை மறுநாள் காலை, நாகேஸ்வர ராவ் பூங்காவில்.

"பாத்தேளா?"

"பாத்தேன் சார். பிரமாதம்."

"முழுசா?"

"முழுசா."

"அப்ப அந்த 42-ஆவது நிமிஷம் எப்படி?"

"அபாரம் சார்!"

"அபாரமா? அங்கேதானே கரண்ட் போச்சு!"

விவரம் தெரிந்த ஒருவர் அடுத்த தடவை, "கரண்ட் போன இடம்தானே?" என்று முந்திக்கொண்டார். "அது போன மாசப் பேச்சு. இது வேற" என்று பதில் வந்தது. மந்தைவெளி மாமி ஒருத்தர் மட்டும் வழி கண்டுபிடித்திருக்கிறார். லிங்க்கை ஓடவிட்டு, போனைக் குக்கர் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமையலை முடிப்பாராம்.

போதாததற்கு, சேனல் வைத்திருப்பவர்களுக்கு யூடியூப் ஒரு வரைபடம் தருகிறது. எந்த நிமிஷத்தில் எத்தனை பேர் கழன்றுகொண்டார்கள் என்று அதில் தெரியும். பெயர் தெரியாது, நல்ல வேளை! அந்த வரைபடத்தை நம் மூக்குக்கு நேரே நீட்டுவார். "முதல் நிமிஷத்துலயே பாதிப் பேர் போயிட்டா சார். நீங்க அதுல இல்லையே?"

ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய ஒவ்வொரு பேச்சுக்கும் தேதி, இடம், தலைப்பு எழுதிய நோட்டு இருக்கிறது. கேசட் காலத்துப் பேச்சுகளைக்கூடக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். அதில் கேலிக்கு இடமில்லை. 1897-இல் விவேகானந்தர் சென்னையில் பேசியதை இன்று நாம் படிக்கிறோம் என்றால், கூடவே வந்து சுருக்கெழுத்தில் எடுத்த குட்வின் என்ற ஆங்கிலேயர்தான் காரணம். ரானடே நூலகத்து ஹாலுக்குப் பெயர் தந்த சீனிவாச சாஸ்திரி 1944-இல் மயிலாப்பூரில் ராமாயணம் பற்றி 30 சொற்பொழிவுகள் செய்தார். அவை புத்தகமாக இருப்பதால்தான் பிழைத்தன. இந்த ஊரில் நன்றாகப் பேசிய எத்தனையோ பேரின் பேச்சு அன்று சாயங்காலமே, காபி ஆறும் முன்னால், காற்றோடு போய்விட்டது.

என் கோபம் இங்கேதான். குட்வின் எடுத்தது அடுத்தவர் பேச்சை. நம்மவர் தன் பேச்சு முடிந்த கையோடு ஸ்டாண்டை மடக்கிவிடுகிறார். சமீபத்தில் ஒரு கூட்டத்தில் இவருக்கு அடுத்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். கையில் துண்டுச் சீட்டுகூட இல்லை. கோயில் கல்வெட்டுகளில் வரும் அளவைகளைப் பற்றி, உழக்கு, நாழி, குறுணி என்று அரை மணி நேரம் பேசினார். சபை அசையவில்லை. அசைந்தது ஒருவர்தான். முதல் வரிசையில் கடக் கடக் என்று ஸ்டாண்டின் காலை மடக்கி, உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து, மாமியோடு கிளம்பினார். அந்த அரை மணி நேரம் இன்று எவர் போனிலும் இல்லை.

சார், உங்கள் லிங்க்கை இனிமேல் கடைசி வரை பார்க்கிறோம், 42-ஆவது நிமிஷம் உட்பட. அடுத்தவர் பேசி முடிக்கும் வரை அந்த ஸ்டாண்டை மட்டும் மடக்காமல் இருங்கள்.